புறக்கோட்டை முதல் மொறட்டுவை வரை
101ஆம் இலக்க பஸ் பாதையின் கதை

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அதன் கோட்டை கொத்தளங்களையும் கோயில் கோபுரங்களையும் நூதனசாலைகளையும் நாடிச் செல்வது வழக்கம். அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும், அந்நகர மக்கள் காலையில் தொழிலுக்கும் மாலையில் வீட்டுக்குமாக நாள்தோறும் ஏறி இறங்கும் ஒரு பஸ் வண்டியின் பாதையிலும் அவ்வளவு சரித்திரம் புதைந்து கிடக்கின்றது. கொழும்பு நகரில் அத்தகைய பாதையொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாக மொறட்டுவைக்குச் செல்லும் 101ஆம் இலக்கப் பாதையையே நாம் முதலிற் குறிப்பிடுவோம்.

இதன் நீளம் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை இந்தப் பதினெட்டுக் கிலோமீற்றருள் அடங்கியிருந்தது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் கந்தோர், கடை. பம்பலப்பிட்டியில் கோயிலும் பள்ளிக்கூடமும். வெள்ளவத்தையில் வீடு. தெகிவளையில் விடுமுறை நாளில் மிருகக்காட்சிச்சாலை. இரத்மலானையில் ஊருக்குச் செல்ல விமான நிலையம். இவை யாவற்றையும் ஒரே கயிற்றிற் கோத்தது இந்த பஸ் பாதை. ஆதலால் இவ்வாரம் இதன் கதையைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

பாதை முந்தியது, பஸ் பிந்தியது

காலி வீதி மிகப் பழையது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்படும் வரையும், அதன் பின்னர் சில ஆண்டுகளும், இலங்கைக்கு வரும் பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. வெளிநாட்டுத் தபாலும் செய்தியும் அங்கே இறங்கி, இவ்வீதி வழியாகவே கொழும்பை அடைந்தன. குதிரை பூட்டிய தபால் வண்டியின் வேகமும் போதாது என்று கண்ட 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை, 1850 முதல் 1857 வரை காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக்களின் மூலம் செய்தி அனுப்பியது. இன்று பஸ் சாரதிகள் ஒருவரையொருவர் முந்தப் படும் பாட்டைக் காணும்போது, இந்த வீதியில் வேகத்துக்கான போட்டி புதியதன்று என்பது நமக்கு நினைவு வருகின்றது.

1877ஆம் ஆண்டில் கரையோரப் புகைவண்டிப் பாதை மொறட்டுவையை எட்டியது. 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் அது அடைந்தது. கடலலை தெறிக்கும் தூரத்தில் புகைவண்டியும், அதற்குச் சற்று உட்புறமாகக் காலி வீதியும் சமாந்தரமாகச் செல்லும் அமைப்பு அன்று ஏற்பட்டது. இரண்டுக்கும் இடையே கடலை நோக்கிச் செல்லும் சிறு ஒழுங்கைகள் ஏணியின் படிகள்போல் அமைந்தன. கொழும்பின் தென்புற நகர்ப்பகுதிகள் அனைத்தும் இந்த ஏணியின் மீதே வளர்ந்தன எனலாம்.

கொழும்பில் 1899ஆம் ஆண்டில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. கோட்டைப் பகுதியிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றொன்று பொரளைக்கும் சென்றது. காலி வீதியில் டிராம் வண்டிக்குத் தண்டவாளம் இடப்படவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் டிராம் வண்டி செய்த வேலையைத் தெற்கில் புகைவண்டி செய்துகொண்டிருந்தது. ஆனால் புகைவண்டி நினைத்த இடத்தில் நிற்பதில்லை, நிலையத்திலேதான் நிற்கும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் மோட்டார் பஸ்.

போட்டியும் உரிமமும்

இலங்கைக்கு முதலாவது பஸ் வண்டி 1907ஆம் ஆண்டில் இறக்குமதி செய்யப்பட்டது. பின் வந்த இருபது முப்பது ஆண்டுகளில், ஓரிரு வண்டிகளை மாத்திரம் வைத்திருந்த சிறு முதலாளிகள் பலர் இத்தொழிலில் இறங்கினர். அக்காலத்து பஸ் சேவைக்கு நேரம் என்றோ ஒழுங்கு என்றோ ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆட்கள் நிரம்பினால் வண்டி புறப்படும், நிரம்பாவிட்டால் நிற்கும். இலாபம் தரும் பாதையில் பத்து வண்டிகள் மோதிக்கொள்ளும். இலாபம் தராத பாதையில் மனிதர் நடந்தே செல்ல வேண்டும். பிரயாணிகளைப் பிடிப்பதற்காகச் சாரதிகள் வீதியிற் பந்தயம் ஓடினர்.

இந்த நிலையை ஆராய்ந்து 1937இல் ஹமண்ட் அறிக்கை வெளியிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1942ஆம் ஆண்டில் பஸ் சேவை உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு பாதையில் ஒரு கம்பெனிக்கே உரிமம் என்பது அதன் சாரம். சிறு முதலாளிகள் ஒன்றுசேர்ந்து கம்பெனிகளாயினர். காலி வீதியின் பஸ் சேவையில் சவுத் வெஸ்டர்ன் பஸ் கம்பெனி தனிப்பெரும் இடத்தைப் பெற்றது. அதன் அதிபரான சேர் சிறில் டி சொய்சா பின்னாளில் செனற் சபையின் தலைவராகவும் விளங்கியவர். களுத்துறைப் போதியின் திருப்பணிகளாலும் பெயர் பெற்றவர்.

கம்பெனிகளின் வருகையாற் போட்டி குறைந்தது உண்மையே. ஆனால் வேறொரு நோய் தோன்றியது. போட்டியில்லாத இடத்தில் பிரயாணியைக் கவனிப்பார் எவருமில்லை. நெரிசலும் தாமதமும் ஊழியர்களின் குறைகளும் பெருகின. 1948இல் இரத்தினம் அறிக்கை, 1954இல் சன்சோனி அறிக்கை, 1956இல் ஜயரத்ன பெரேரா அறிக்கை என ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ச்சிகள் நடந்தன. முடிவில், பஸ் சேவையை அரசாங்கமே ஏற்றல் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

1958 தை முதலாந் திகதி

1958ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சியில், நாட்டின் பஸ் சேவை முழுவதும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு வந்தது. திரு. வியர் டி மெல் அதன் முதலாவது தலைவரானார். கம்பெனிப் பெயர்கள் மறைந்தன. வண்டிகளெல்லாம் சிவப்பு நிறம் பூண்டன. 'இ. போ. ச.' என்னும் மூன்றெழுத்து நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் அறிமுகமாயிற்று. சபை தன் உச்ச நிலையை அடைந்த காலத்தில் ஏறக்குறைய 7,000 வண்டிகளும் 50,000 பேருக்கு மேற்பட்ட ஊழியர்களும் அதனிடம் இருந்தனர் என்பர்.

காலி வீதிக்குச் சிறப்பளித்தவை இரட்டைத்தட்டு வண்டிகள். லண்டன் மாநகரில் ஓடிக் களைத்த சிவப்பு நிற இரட்டைத்தட்டு வண்டிகளை இலங்கை நூற்றுக்கணக்கில் வாங்கியது. இங்கிலாந்தைப் போலவே இங்கும் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்வதால் அவ்வண்டிகளில் வாசலை மாற்றி வைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. பின்புறத்தில் கதவில்லாத மேடை. அதிலிருந்து மேலே செல்லும் வளைந்த படிக்கட்டு. சாரதிக்கு முன்புறத்திலே தனியான சிறு அறை. சிறுவர்களுக்கு மேல்தட்டின் முன்னாசனம் ஓர் இராச சிம்மாசனம். அங்கிருந்து பார்த்தால் காலி முகத்திடலுக்கு அப்பாற் கப்பல்கள் காத்து நிற்பதும், மதில்களுக்கு உட்புறத்து மாமரங்களும், கோயில்களின் கோபுரங்களும் கண்ணெதிரே தோன்றும். கீழ்த்தட்டிற் செல்லும் பெரியவர்களுக்குக் கிட்டாத காட்சி அது.

இதே காலத்தில் நகரின் உட்பகுதியில் டிராம் வண்டிகள் மறைந்துகொண்டிருந்தன. 1944இல் கொழும்பு மாநகரசபை டிராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் மேலே மின்கம்பி பற்றி ஓடும் ட்றொலி பஸ்களை அது அறிமுகஞ் செய்தது. 1960இல் டிராம் வண்டிகளும் 1964இல் ட்றொலி பஸ்களும் நின்றுபோயின. தண்டவாளமும் மின்கம்பியும் போனபின் சாதாரண பஸ் வண்டியே நகர வீதிகளின் அதிபதியாயிற்று.

பாதையோரத்து ஊர்கள்

வாசகர்களே, இனி நாம் வண்டியில் ஏறிப் பாதையைப் பார்த்து வருவோம்.

புறக்கோட்டை பஸ் நிலையம் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மனிதர் வந்து கூடும் இடம். யாழ்ப்பாணத்து மெயில் வண்டியில் வந்திறங்கியவர், 1917இல் கட்டப்பட்ட கோட்டைப் புகைவண்டி நிலையத்தின் வாசலைத் தாண்டினால், சில நிமிட நடையில் 101ஐப் பிடிக்கலாம். ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் பனங்கட்டிக் குட்டானும் முருங்கைக்காய்க் கட்டுமாக ஏறியவர்களைக் கண்டு கொண்டக்டர்கள் முகஞ் சுளித்ததும் உண்டு. இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் உண்டு.

கோட்டையைக் கடந்ததும் காலி முகத்திடல். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த உலாவற் பாதை இன்றும் கடலோரத்தில் உள்ளது. ஒருபுறம் 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம்; அது இப்பொழுது ஜனாதிபதி செயலகம். மறுகோடியில் 1864ஆம் ஆண்டு முதல் நிற்கும் காலிமுக விடுதி. 2022ஆம் ஆண்டு சித்திரை முதல் ஆடி வரை நாட்டு மக்கள் திரண்டு நின்ற இடமும் இத்திடலே. அந்த ஆண்டில் எரிபொருள் இன்றி வாகனங்கள் வீதியோரங்களில் நாட்கணக்கில் வரிசையாக நின்றதையும், ஓடிய சில பஸ் வண்டிகளின் மிதிபலகையில் மனிதர் கொத்தாகத் தொங்கியதையும் மறப்பவர் யார்?

கொள்ளுப்பிட்டியில் அலரி மாளிகையைக் கடந்து பம்பலப்பிட்டியை அடைகின்றோம். சைவ மக்களுக்கு இந்தப் பாதை பஸ் பாதை ஆவதற்கு முன்னரே தேர்ப் பாதையாயிற்று. ஆடிவேல் விழாவில், புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து வேற்பெருமான் இரதமேறி, காலி முகத்திடல் வழியாகப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு எழுந்தருளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. தேர் வரும் நாளில் பஸ் ஒதுங்கி வழிவிடும். தமிழர் மாத்திரமன்றிச் சிங்கள மக்களும் வீதியோரத்தில் கரும்பும் இனிப்பும் வாங்கிக்கொண்டு நின்று பார்த்த விழா அது.

அடுத்து வருவது வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அரசாங்க சேவைக்கு வந்த லிகிதர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தனர்? காரணம் எளிது. கோட்டைக் கந்தோர்களுக்குப் போக பஸ்ஸும் புகைவண்டியும் ஆகிய இரண்டும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. கறுவாத்தோட்டத்து வாடகையைக் கொடுக்க இயலாத சம்பளக்காரருக்கு இங்குள்ள ஒழுங்கைகள் இடங்கொடுத்தன. ஒருவர் வந்து குடியேறியபின் அவரது மைத்துனரும் ஊரவரும் அதே ஒழுங்கையில் வீடு தேடினர். கோயிலும் சைவ உணவுக் கடையும் மாதர் பாடசாலையும் அவர்களைத் தொடர்ந்தன. 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூல்நிலையத்தோடு இங்கே நிலைபெற்றது. பஸ் தரிப்பிடமே ஓர் ஊரை உண்டாக்கிய கதை இது எனலாம்.

இதே வெள்ளவத்தையில் பெரிய நெசவாலையொன்றும் இருந்தது. அதன் சங்கொலிக்கு எழுந்து, முறைமாறும் நேரத்தில் பஸ்ஸை நிரப்பிய தொழிலாளருள் தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் இருந்தனர். ஆலை மூடப்பட்டு அந்த நிலத்தில் இன்று வானளாவிய மாடிவீடுகள் நிற்கின்றன.

கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால் கொழும்பு மாநகரசபையின் எல்லை முடிந்து தெகிவளை தொடங்குகின்றது. மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்வோர் சந்தியில் இறங்கிக் கிழக்கே செல்ல வேண்டும். 1936 முதல் அது அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்து வருகின்றது. அதற்கப்பால் கல்கிசை. ஆளுநர் மெயிற்லண்ட் கடலோரப் பாறைமேற் கட்டிய மாளிகை இங்கேதான் பின்னர் விடுதியாயிற்று. 1918இல் முகத்துவாரத்திலிருந்து இடம் பெயர்ந்த புனித தோமையர் கல்லூரியும் இங்கேதான் உள்ளது.

இரத்மலானையை அடைந்ததும் வீதி அகலமாகத் தோன்றும். இலங்கையின் முதலாவது விமான நிலையத்தில் 1935ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் முதல் விமானம் வந்திறங்கியது. 1947ஆம் ஆண்டு மார்கழி 10ஆந் திகதி எயார் சிலோனின் முதற் பயணம் இங்கிருந்தே ஆரம்பமாயிற்று. அது சென்ற வழி காங்கேசன்துறை. சேர்ந்த இடம் சென்னை. வடபுலத்துக்கு ஒரு பகலிற் போய்ச் சேரலாம் என்பதைக் கேட்டு அன்று வியந்தவர்கள், விமானம் ஏறுவதற்கும் காலி வீதி பஸ்ஸிலேயே வந்திருப்பார்கள்.

இறுதியாக மொறட்டுவை. உளியின் ஓசையால் அறியப்பட்ட ஊர். அலுமாரியும் கட்டிலும் சாய்மனைக் கதிரையும் இவ்வூர்த் தச்சரின் கைவண்ணமாக நாடெங்கும் சென்றன. கட்டுபெத்தையில் 1966இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. வடக்கு கிழக்கிலிருந்து பொறியியல் கற்க வந்த மாணவர்கள் பலருக்குக் கொழும்பு அறிமுகமானது 101ஆம் இலக்க பஸ்ஸின் யன்னல் வழியாகத்தான்.

வண்டிக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம்

பஸ்ஸினுள் நடக்கும் வாழ்க்கைக்கும் ஒரு முறைமை உண்டு. முன்னாசனங்கள் மதகுருமாருக்கு உரியவை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் தனி இடம் உண்டு. நிற்பவரின் பொதியை உட்கார்ந்திருப்பவர் கேளாமலே வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வார். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. இறங்குமிடத்தில் பொதி கைமாறும். ஒரு தலையசைப்போடு அந்த உறவு முடிந்துவிடும். கொழும்புக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் சிங்களத்திற் கற்ற முதல் வார்த்தைகள் கொண்டக்டரின் வாயிலிருந்து வந்தவையே. 'இஸ்ஸரஹட்ட யன்ன' என்றால் முன்னே போ என்று பொருள் என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பின்னாலிருந்து வந்த நெரிசலே கற்பித்தது.

ஒரே கட்டணம் செலுத்திய எல்லோரும் ஒரே பலகையில் அமர்வர். கந்தோர் அதிகாரியும் அவருடைய ஏவலாளும் அருகருகே தொங்கிச் செல்வர். பொதுப் போக்குவரத்தின் பெருமை இதிலேயே இருக்கின்றது. ஆனால் இந்தச் சமத்துவம் எக்காலத்திலும் எல்லோருக்கும் கிடைத்ததா? பாதையின் கதையை உண்மையாகச் சொல்ல முற்பட்டால், அடுத்து வருவதையும் சொல்லியே ஆக வேண்டும்.

இருண்ட நாட்கள்

பஸ் சேவை தேசிய மயமான அதே 1958ஆம் ஆண்டில், இலக்கத் தகட்டிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த சபையின் வண்டிகள் பங்குனி மாதத்தில் வடபகுதிக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் அந்த எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தைப் பொறித்தனர். தென்பகுதியிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசி அழிக்கப்பட்டன. 1957 ஆடியிற் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 சித்திரையிற் கைவிடப்பட்டது. வைகாசியிற் கலவரம் மூண்டது. எல்லோருக்கும் பொதுவான வண்டி என்று கொண்டாடப்பட்ட அந்த ஆண்டே, வண்டியின் நெற்றியில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்ற கேள்வியில் இரத்தம் சிந்தப்பட்டது. காலி வீதியோரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல உடுத்த உடையோடு அகதி முகாமுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தன.

1983 ஆடியில் அது மேலும் கொடிதாகத் திரும்பி வந்தது. இந்த வீதியில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. பிரயாணிகளின் வாயிலிருந்து வரும் மொழி கொண்டு அவர்களுடைய இனம் தேடப்பட்டது. கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாள்தோறும் பயணஞ் செய்த அதே பாதையின் ஓரத்தில், இரத்மலானை விமான நிலையக் கூடாரங்களில், ஆயிரக்கணக்கானோர் அகதிகளாக உட்கார்ந்திருந்தனர். அதே நாட்களில், தம் வீட்டு அறைகளில் அயலவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களும் இதே ஒழுங்கைகளில் இருந்தன என்பதையும் நாம் எழுதியாக வேண்டும்.

குண்டுகளும் இப்பாதையை விட்டுவைக்கவில்லை. 1987 சித்திரை 21ஆந் திகதி புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு, வீடு செல்லக் காத்து நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2008 ஆனி 6ஆந் திகதி கட்டுபெத்தையில் ஒரு பஸ்ஸின் மீது நடந்த தாக்குதலில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்கள் மாலை நேரத்தில் வீடு திரும்பியவர்களும் காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்களுமே. எவருடைய யுத்தத்தையும் அவர்கள் நடத்தவில்லை.

யுத்தகாலத்தில் வெள்ளவத்தை விடுதிகளில் வடக்கு கிழக்கு மக்கள் தங்கியிருந்தனர். மருத்துவத்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர், தொலைபேசியில் மகனின் குரலைக் கேட்க வந்த தாய் எனப் பலர். சோதனைச்சாவடியில் பஸ் நின்றதும் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்று, மீண்டும் ஏறுவது அவர்களுக்கு அன்றாட வழக்கமாயிற்று. 2007 ஆனி 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் 370 பேருக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பிரதமர் பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தார். பிரயாணி தான் விரும்பிய இடத்தில் ஏறி, தான் விரும்பிய இடத்தில் இறங்குவதே பஸ் சேவை. அந்த உரிமை இல்லாதபோது அதே வண்டி வேறொன்றாகிவிடுகின்றது.

பழைய போட்டி திரும்பிய விதம்

இனி, சேவையின் கதைக்குத் திரும்புவோம். 1970களின் இறுதியில் போக்குவரத்துச் சபை தளர்ந்திருந்தது. நட்டமும், உதிரிப்பாகத் தட்டுப்பாடும், தேவைக்கு மிஞ்சிய ஆட்சேர்ப்பும் அதனை வாட்டின. 1978இல் அது பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஜப்பானிலிருந்து வந்த சிறு வண்டிகள் காலி வீதியை நிறைத்தன. நீண்ட நேரம் காத்திருந்து களைத்த மக்கள் அவற்றை மனமார வரவேற்றனர்.

ஆனால் தனியார் பஸ்ஸின் பொருளாதாரத்தை மாணவர்கள் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். வண்டியின் உரிமையாளர் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எதிர்பார்ப்பார். எரிபொருட் செலவும் அந்தத் தொகையும் போக எஞ்சுவதே சாரதிக்கும் கொண்டக்டருக்கும் ஊதியம். ஆகவே முன்னே செல்லும் வண்டியை முந்தினால் அடுத்த தரிப்பிடத்தில் நிற்பவர் தமக்குக் கிடைப்பர்; பின்னே வண்டி இல்லையென்றால் ஆட்கள் சேரும்வரை நின்று தாமதிக்கலாம். ஓடவேண்டிய இடத்தில் நிற்பதும் நிற்கவேண்டிய இடத்தில் ஓடுவதும் இதனால்தான். சாரதியின் குணம் மாத்திரம் இதற்குக் காரணமன்று. அவருக்குச் சம்பளம் வரும் வழியே காரணம். சபையின் சாரதிக்கு மாதச் சம்பளம் உண்டு. வண்டி நிறைந்தாலும் வெறுமையானாலும் அவருடைய வீட்டு அடுப்பு எரியும். அதனாலேயே இரவின் கடைசி வண்டியையும் ஆளில்லாத கிராமத்து வண்டியையும் சபையால் ஓட்ட முடிந்தது. அதே காரணத்தால் பிரயாணியைப் பொருட்படுத்தாது செல்லும் அலட்சியமும் அங்கே வளர்ந்தது.

1937இல் ஹமண்ட் கண்ட குறை 1979இன் பின் அப்படியே திரும்பி வந்ததைக் காண்கின்றோம். 1991இல் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு ஏற்பட்டது. மாகாணத்துக்குள் ஓடும் வண்டிகளை மாகாண அதிகாரசபைகள் கண்காணிக்கத் தொடங்கின. பழைய சபையும் பல உருவங்கள் எடுத்து, 2005ஆம் ஆண்டின் சட்டத்தால் மீண்டும் ஒரே சபையாயிற்று. இன்று சபையின் சிவப்பு வண்டியும் தனியார் வண்டியும் ஒரே வீதியில் அடுத்தடுத்து ஓடுகின்றன. போட்டியின் சுறுசுறுப்பையும் பொதுச்சேவையின் ஒழுங்கையும் ஒருங்கே பெறும் வழியை, ஒரு நூற்றாண்டு அனுபவத்தின் பின்னரும் நாடு தேடிக்கொண்டே இருக்கின்றது.

ஒரு ஞாயிறு காலையில்

பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பிக்க விரும்பும் பெற்றோருக்கு நாம் ஒன்று சொல்வோம். சன நெரிசலில்லாத ஞாயிறு காலையில் அவர்களைப் புறக்கோட்டைக்கு அழைத்துச் சென்று 101இல் ஏற்றுங்கள். மதகுருமாருக்குரிய ஆசனத்தை விட்டு, வலப்புறத்து யன்னலோரமாக அவர்களை அமர்த்துங்கள். வெள்ளவத்தையில் ஒவ்வோர் ஒழுங்கையின் முடிவிலும் கடல் ஒருகணம் தோன்றி மறையும். தேர் சென்ற வழி எது, நெசவாலை நின்ற திசை எது, தாத்தா பாட்டி முதன்முதலில் வாடகைக்கு இருந்த ஒழுங்கை எது என்பதைக் காட்டுங்கள். 1958ஐயும் 1983ஐயும் மறைக்காமல், ஆனால் வஞ்சம் வளர்க்காமல், அவர்களுடைய வயதுக்கு ஏற்பச் சொல்லுங்கள்.

இன்று பல வண்டிகளின் நெற்றியில் மூன்று மொழிகளிலும் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. அதனை எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த மூன்று வரிகளும் ஒன்றாக வந்து சேர எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதை மொறட்டுவை போய்ச் சேருமுன் சொல்லி முடிக்க நேரம் தாராளமாக இருக்கும்.